தெரியாத எட்டுப் பேரும் ஒரு ரசவாளியும்

மதியம் ஒன்றரை மணிக்குக் கூட்டமான மெஸ்ஸுக்குள் நுழைந்தால் தனி மேசை கிடைக்காது. நாலு பேர் மேசையில் மூன்று பேர் ஏற்கெனவே ரசத்துக்கு வந்திருப்பார்கள். "இங்க ஒரு ஆள் உட்காரலாம் சார்" என்று சூப்பர்வைசர் கைகாட்டுவார். நாம் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் உப்புக் கிண்ணத்தை நம் பக்கம் நகர்த்தியிருப்பார். இல்லாவிட்டால் "வத்தக்குழம்பு கேட்டு வாங்குங்க, இன்னைக்கு சாம்பார் சுமார்தான்" என்றிருப்பார். அதே இரண்டு பேர் ஏ.சி. ரெஸ்டாரண்டில் அடுத்தடுத்த மேசையில் இரண்டு மணி நேரம் இருந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

சோறு மனிதர்களைச் சேர்த்துவைக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. சோறு ரொம்ப நன்றாக இருந்தால் மேசையே அமைதியாகிவிடும். தலை நிமிராமல் சாப்பிடுவார்கள். முன்பின் தெரியாதவர்களைப் பேசவைப்பது இருக்கை ஏற்பாடு. மேசை எத்தனை அடி அகலம், ஜக் எத்தனை, பரிமாறுபவர் எத்தனை தடவை வருகிறார், நாற்காலிக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்பதையெல்லாம் பொறுத்தது அது. மெஸ்ஸில் இவை தானாக அமைந்துவிட்டன. நாமாக எட்டுப் பேரைக் கூட்ட நினைத்தால் தெரிந்து செய்ய வேண்டும்.

மேசையில் எதெல்லாம் பொது?

பழைய பாணி மெஸ்ஸில் நாலு பேருக்கு ஒரு தண்ணீர் ஜக், ஒரு ஊறுகாய்க் கிண்ணம், ஒரு உப்பு. சில இடங்களில் பருப்புப்பொடி டப்பாவும் பக்கத்தில் நல்லெண்ணெய்யும் இருக்கும். நாலு பேருக்கு ஒன்று என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வலது கை சோற்றில் இருக்கிறது, ஜக் மேசையின் அந்தக் கோடியில் இருக்கிறது. "அண்ணே, அந்த ஜக்கைக் கொஞ்சம் தள்ளுங்க" என்பதுதான் பெரும்பாலான மெஸ் பேச்சுகளின் முதல் வரி. அவர் தள்ளுவதோடு நிற்க மாட்டார், நம் டம்ளரிலும் ஊற்றிவிடுவார். அவர் கையும் சோற்றில் இருந்தால் இடது கையால் ஊற்றிக்கொண்டே "எச்சிக் கை, அதான்..." என்று ஒரு சின்ன விளக்கம் தருவார். அந்த விளக்கத்துக்குத் தேவையே இல்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் நமக்குத் தெரியாதவர் இல்லை.

ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைக்கிற ஹோட்டலில் இந்த வேலை அடிபட்டுப்போகிறது. பாட்டில் சுத்தம், வசதி, எல்லாம் சரி. யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பேச்சு வர வேண்டுமென்றால் பொதுச் சாமான் ஆள் எண்ணிக்கையை விடக் குறைவாக இருக்க வேண்டும். எட்டுப் பேர் மேசைக்கு இரண்டு ஜக், ஒரு பொடி, ஒரு நெய்க் கிண்ணம் போதும். ஒரே ஒரு ஜக் வைத்தால் அது சச்சரவு. மூன்று நான்கு என்றால் பயனில்லை.

அசைவ மெஸ்ஸில் இன்னொரு வழி இருக்கிறது. மதுரை, காரைக்குடிப் பக்கம் பல மெஸ்களில் இலை போட்டதும் ஒருவர் பெரிய தட்டில் பத்துப் பன்னிரண்டு சின்னத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார். சுக்கா, ஈரல், குடல், தலைக்கறி, காடை, நண்டு, இறால் தொக்கு, வறுத்த மீன் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். மெனு கார்டில் பெயரைப் படித்தால் நமக்கு நாமே முடிவெடுத்துக்கொள்வோம். தட்டைப் பார்த்தால் கேள்வி வரும். "குடல் இன்னைக்கு எப்படிண்ணே?" என்று பரிமாறுபவரைக் கேட்டால் பதில் பக்கத்து இலையிலிருந்து வரும். சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறி தோசை சொன்னவர்களுக்கு வேறு மாதிரி வாய்ப்பு. கல்லில் கனமாக ஊற்றிய தோசை, மேலே முட்டை, அதன் மேல் கறி என்று அடுக்கி வேகவைத்துத் தருவதால் சாதா தோசை போலச் சட்டென்று வராது. அது வரும்வரை பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதைத் தவிர வேலையில்லை.

பகிர்ந்து சாப்பிடுவதில் நம் ஊரில் ஒரு கண்டிப்பு உண்டு: எச்சில். அறிமுகமில்லாதவரோடு ஒரு சுக்காவைப் பங்கு போட இது தடையே இல்லை. வரிசை மட்டும் மாறக் கூடாது. தட்டு வந்தவுடன், யாரும் சோற்றில் கை வைக்கும் முன், தட்டோடு வந்த கரண்டியால் எல்லோரும் தங்கள் இலைக்கு எடுத்துக்கொண்டுவிட வேண்டும். பாதிச் சாப்பாட்டில் "கொஞ்சம் எடுத்துக்கங்க" என்று நீட்டினால், எதிரில் இருப்பவர் மறுக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நெளிவார். கரண்டி வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்தத் தட்டுகளில் இருப்பது நாலைந்து துண்டுதான் என்பதால் இரண்டு பேருக்கு ஒரு தட்டு, மொத்தத்துக்கு ஒன்று கூடுதல், அதாவது எட்டுப் பேருக்கு ஐந்து தட்டு என்று கணக்கு வைத்தால் கடைசித் துண்டை யார் எடுப்பது என்ற சங்கடம் வராது.

பந்தியும் மேசையும்

கல்யாணப் பந்தியில் இருநூறு பேர் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், ஆனால் பேச்சு நடப்பதில்லை. காரணம் எளிது. ஒடுக்கமான நீள மேசை, ஒரே பக்கம் நாற்காலி, எதிரில் முகம் கிடையாது. இடமும் வலமும்தான் பேச்சுத்துணை. அவர்களும் கூட வந்த உறவினர்களாக இருப்பார்கள். போதாததற்கு, அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி பின்னால் நின்று பாயசம் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படி ஒருவர் நின்றால் எந்தப் பேச்சும் இரண்டு வாக்கியத்தைத் தாண்டாது.

மெஸ்ஸின் நாலு பேர் மேசை ஏறக்குறைய நாலடி நீளம், இரண்டடியிலிருந்து இரண்டரை அடி அகலம். ஒரு நுனி இலைக்கு, நுனி இடப்பக்கம் வரும்படி போட்டால், குறுக்கே இரண்டடி வேண்டும். இரண்டு இலை எதிரெதிரே போட்டால் மேசை நிறைந்துவிடும். எதிரில் இருப்பவரின் அப்பளம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மின்விசிறிச் சத்தத்திலும் குரலை உயர்த்தாமல் பேசலாம். ஓட்டல்களின் பார்ட்டி ஹாலில் போடும் ஐந்தடி விட்டமுள்ள வட்ட மேசையைவிட இது எவ்வளவோ மேல். வட்ட மேசையில் எல்லோர் முகமும் தெரியும், ஆனால் எதிர்ப்பக்கம் சொல்வது காதில் விழாது. எல்லோரும் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரே பேச்சில் நாலு பேருக்கு மேல் நிலைப்பது அபூர்வம், ஐந்தாவது ஆள் வந்தால் அது இரண்டாக உடையும் என்று ராபின் டன்பார் போன்ற ஆய்வாளர்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். டீக்கடை வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். ஆகவே எட்டுப் பேரை உட்காரவைக்கும்போது அது இரண்டு நாலுபேர் பேச்சாகத்தான் நடக்கும் என்று தெரிந்தே உட்காரவையுங்கள். எல்லோரும் ஒரே பேச்சில் இருக்க வேண்டும் என்று யாராவது வகுப்பாசிரியர் போலக் கைதட்டினால் மேசை செத்துவிடும்.

நேரமும் முக்கியம். கூட்ட நேரத்தில் முழுச் சாப்பாடு இருபது நிமிடம். பொரியல், கூட்டு, பருப்பு, சாம்பார் வரை வாய்க்கு வேலை. ரசத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும்: சாம்பார் சாதம் முடிந்திருக்கும், ரசவாளி மூன்றாவது வரிசையில் இருக்கும். மெஸ்ஸில் பேச்சு பிறக்கும் இடம் அதுதான். கவனித்துப் பாருங்கள், முதல் தடவையாக எல்லோரும் ஒரே சமயத்தில் தலைநிமிர்வார்கள், ஒரே திசையில் பார்ப்பார்கள். "ரசம்!" என்று ஒருவர் கூப்பிடும் குரல் மேசையில் இருக்கும் அனைவருக்குமானது. எவ்வளவு திறமையான பரிமாறலோ அவ்வளவு குறைவான பேச்சு. எல்லாவற்றையும் கிண்ணங்களில் ஒரேயடியாக வைத்துத் தட்டில் கொண்டுவரும் "தாலி" முறையில் இந்த இடைவெளி வருவதே இல்லை. அதனால்தான் எட்டுப் பேரைச் சேர்க்க நினைப்பவர்களிடம் இலைச் சாப்பாடு போடும் இடமாகப் பாருங்கள் என்பேன்.

காத்திருப்பும் இதில் சேரும். திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பவர்கள், மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸின் சின்னக் கூடத்துக்கு வெளியே நிற்பவர்கள் எல்லாம் உள்ளே போகும் முன்பே பாதி அறிமுகமாகிவிடுகிறார்கள். "உங்க நம்பர் என்ன?" என்று கேட்டவரே பிறகு எதிரில் உட்காருவார்.

யார் யாரோடு உட்காரலாம் என்ற பழைய கணக்கு

இந்த மேசை சும்மா கிடைத்தது அல்ல. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் என்ற ஏற்பாடு 1941இல்தான் ஒழிந்தது. ஹோட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் 1957இல் பெரியார் மறியல் நடத்தினார். இன்று மேன்ஷன்வாசிகள் எந்த ஊர், என்ன ஆள் என்று தெரியாமலே ஒரே மேசையில் சாப்பிடுகிற அதே திருவல்லிக்கேணியில்தான் இது நடந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் நுழைய சாதி, மதம், பால், பிறப்பிடம் எதுவும் தடையாக இருக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே கூறுகிறது. அதற்குப் பிறகும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை நீடித்தது. கண்ணாடி டம்ளர் ஒருவருக்கு, வேறு குவளை இன்னொருவருக்கு. டீக்கடை பெஞ்சை ஜனநாயகத்தின் மேடை என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தக் குவளையையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதைச் சொல்வதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. தெரியாதவர்கள் மேசையில் நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்கும் கேள்வி "உங்களுக்கு எந்த ஊரு?" கேட்பவர் மனதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி "அங்க எந்தப் பக்கம்?", அதற்கடுத்தது "எந்தத் தெரு?". மூன்றாவது கேள்வியில் எதிரில் இருப்பவர் சுருங்கிவிடுவார், காரணம் இருவருக்கும் தெரியும். எனவே ஊரை முதலில் கேட்காதீர்கள். சாப்பாட்டைக் கேளுங்கள், ஊர் தானாக வரும். "உங்க வீட்டுல அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்குவீங்களா?" என்றால் கொங்குப் பக்கத்துக்காரர் வரிசையாகச் சொல்ல ஆரம்பிப்பார். சொதி என்றால் திருநெல்வேலிக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் இரண்டு வேறு கதை. தீயல் என்றால் நாகர்கோவில். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயா, தால்ச்சாவா, வெங்காயப் பச்சடி மட்டும் போதுமா என்று கேட்டால் ஆம்பூர்க்காரர் மேசையைத் தன் கையில் எடுத்துக்கொள்வார். எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை பதில் சொல்பவரே தீர்மானிக்க முடிகிறது. நல்ல கேள்விக்கு அதுதான் அடையாளம்.

சம்பளம், கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் எத்தனை என்பவை பேருந்துப் பேச்சு. அவற்றைப் பேருந்தோடு விட்டுவிடலாம்.

எட்டுப் பேரைக் கூட்டுவது

செயலி வழியாக அறிமுகமில்லாதவர்களை ஒரு மேசையில் சேர்த்துவைக்கும் சேவைகள் இப்போது பெருநகரங்களில் இருக்கின்றன. நூலக வாசகர் வட்டம், குடியிருப்புச் சங்கம், நடைப்பயிற்சிக் குழு என்று எதிலிருந்தும் இதை நாமே செய்யலாம். செலவு அவரவர் சாப்பாட்டுக் காசுதான்.

ஆள் ஆறு அல்லது எட்டு. ஏழு வேண்டாம், ஒருவருக்கு எதிரில் ஆள் இல்லாமல் போகும், அவர் கைப்பேசியை எடுப்பார். எட்டுப் பேர் வருவதாகச் சொன்னால் ஒருவர் வர மாட்டார் என்பது ஊரறிந்த உண்மை. அதனால் பக்கத்திலேயே இருக்கும், கடைசி நேரத்தில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவரைச் சொல்லிவையுங்கள். ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். தெரிந்தவர்கள் மூன்று பேர் சேர்ந்தால் அவர்கள் தங்கள் பழைய கதையைத் தொடர்வார்கள், மற்ற ஐந்து பேரும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள்.

நேரம்தான் பலரும் சறுக்கும் இடம். ஞாயிறு மதியம் எல்லோருக்கும் வசதி என்று வைப்பார்கள். அன்றுதான் குடும்பக் கூட்டம், நாற்காலிக்குப் பின்னால் ஆள். சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு வையுங்கள். சாப்பாடு போட ஆரம்பித்த புதிது, அப்பளம் மொறுமொறுவென்று இருக்கும், கூட்டம் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இரண்டரைக்கு மேல் வைத்தால் அமைதி கிடைக்கும். ஆனால் கூட்டு தீர்ந்திருக்கும், வாளியை அலசுகிற சத்தத்தில் பேச வேண்டியிருக்கும், பரிமாறுபவர்கள் தங்கள் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். அவர்களைக் காக்கவைத்துவிட்டு மனித உறவைப் பற்றிப் பேசுவது அழகல்ல.

முதல் சந்திப்புக்கு முழுச் சாப்பாட்டைவிட மாலை டிபன் நல்லது என்பது என் அபிப்பிராயம். நாலரை மணிக்கு வடை, போண்டா, காபி. பிடிக்காவிட்டால் அரை மணியில் "கிளம்பறேன்" என்று எழுந்துவிடலாம். பிடித்தால் இன்னொரு காபி சொல்லலாம். இலை போட்டுவிட்டால் மோர் வரும்வரை எழ முடியாது. தெரியாதவர்களிடையே, எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்ற சுதந்திரம் இருந்தால்தான் உட்காரவே தோன்றும்.

மெஸ்காரரிடம் முந்தின நாள் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். கல்லாவில் இருப்பவரிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எட்டுப் பேர், இரண்டு மேசையை நீளவாக்கில் சேர்த்துப் போட வேண்டும், ஒரு மணி நேரம் உட்காருவோம். மூன்றாவதை மறைத்தால்தான் பிரச்சினை வரும். சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், சிலர் நேரத்தை மாற்றச் சொல்வார்கள். அப்போதே இடத்தையும் பார்த்துவிடுங்கள். டி.வி.க்கு நேர் எதிர், கைகழுவுமிடத்தின் வாசல், சமையலறைக் கதவுப் பக்கம் மூன்றும் வேண்டாம். சுவரோரம் உத்தமம்.

பெண்கள் வருகிறார்கள் என்றால் அதையும் சொல்லிவையுங்கள். பல இடங்களில் பெண் உள்ளே நுழைந்ததும் "ஃபேமிலி ரூம் அந்தப் பக்கம்" என்று மரியாதையாகத் திருப்பிவிடுவார்கள். எட்டுப் பேரில் மூன்று பேர் வேறு அறைக்குப் போய்விடுவார்கள். மரியாதைதான், ஆனால் நம் காரியம் கெட்டது. இதோடு ஒட்டி ஒன்று: ஏற்பாடு செய்யாத சாதாரண நாளில், தனியாகச் சாப்பிடும் பெண்ணின் மேசையில் இடம் கிடைத்து உட்காரும் ஆண்களுக்கு ஜக், உப்பு அளவுப் பேச்சு போதும். அதற்கு மேல் போவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

சைவமா அசைவமா என்பதை அழைப்பிலேயே தீர்த்துவிடுங்கள். புரட்டாசியில் பலர் அசைவம் தொட மாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டிருப்பார்கள். ரமலானில் பகல் சாப்பாடே கிடையாது. ஹலாலா என்று சிலர் கேட்பார்கள், அதை மெஸ்காரரிடம் கேட்டுவைக்க வேண்டும். வெங்காயம் பூண்டு சேர்க்காதவர் ஒருவர் இருந்தால் அசைவ மெஸ் அவருக்குத் தண்டனை. முதல் தடவை சைவ இடம், இரண்டாவது தடவை ஆட்களைப் பார்த்து முடிவு செய்வது பாதுகாப்பான வழி.

உட்காரவைப்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். அதிகம் பேசுகிறவரை மேசைக் கோடியில் போடாதீர்கள், நடுவில் போடுங்கள். கோடியில் இருந்தால் எட்டுப் பேருக்கும் சொற்பொழிவு ஆற்றுவார், நடுவில் இருந்தால் சுற்றியிருக்கும் நாலு பேரோடு நின்றுவிடுவார். பேசத் தயங்குகிறவருக்குக் கோடி இருக்கை நல்லது, ஒரு பக்கமாவது நிம்மதி. இடது கையால் சாப்பிடுபவர் இருந்தால் அவரை வரிசையின் இடது ஓரத்தில் அமர்த்துங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கவளத்துக்கும் முழங்கை இடிக்கும். கூட்டியவர் பரிமாறுபவர் வரும் பக்கம் உட்கார்ந்து, அவரைக் கண்ணால் கூப்பிடும் வேலையைப் பார்க்க வேண்டும். சேர்ந்து வந்த இருவரை எதிரெதிரே போடாமல் ஒரே வரிசையில் இரண்டு ஆள் தள்ளி வையுங்கள்.

மற்றபடி விளையாட்டு, அறிமுகச் சடங்கு, "உங்களைப் பற்றி ஒரு நிமிடம்" எதுவும் வேண்டாம். பெயர் போதும். மற்றதை ரசவாளி பார்த்துக்கொள்ளும்.

சாப்பாடு இல்லாத இடங்கள்

டீக்கடை இதன் மிகச் சின்ன வடிவம். ஐந்து நிமிடம், ஒரு சிங்கிள் டீ, கம்பியில் தொங்கும் அல்லது பெஞ்சில் கிடக்கும் தினத்தந்தி. 1942இல் மதுரையில் தொடங்கிய அந்தப் பத்திரிகை டீக்கடைகளில் தாள் தாளாகப் பிரிந்து படிக்கப்படுகிறது. ஒரு பிரதி, நாலு தாள், நாலு பேர். விளையாட்டுப் பக்கம் முடிந்தவர் சினிமாப் பக்கத்துக்குக் காத்திருக்கிறார். ஜக் கணக்குதான் இங்கும்: ஆளைவிடச் சாமான் குறைவு. கைப்பேசி வந்த பிறகு ஆளுக்கொரு பத்திரிகை கையில் இருக்கிறது, தாள் கேட்பவர் குறைந்துவிட்டார்.

பெங்களூரில் தர்ஷினி எனப்படும் சிற்றுண்டிக் கடைகளில் நின்று சாப்பிடும் உயர மேசையை நாலைந்து பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஆனால் நிற்கிற கால் பேச்சை வளர விடாது. நேர்மாறாக, 1957இல் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவாகத் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் பரவிய இந்தியன் காபி ஹவுஸ்களில் ஒரே காபியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் உண்டு. மலேசியாவின் மாமாக் கடைகள், தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தவை, இரவெல்லாம் திறந்திருப்பதாலும் கால்பந்து ஒளிபரப்பைப் பெரிய திரையில் போடுவதாலும் பக்கத்து மேசைக்காரரோடு பேசக் காரணம் தேட வேண்டியதில்லை. கோல் விழுந்தால் போதும். சிங்கப்பூரின் உணவங்காடிகளில் டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்து இடம் பிடிப்பார்கள், நம்மூர்ப் பேருந்தில் கைக்குட்டை போடுவதுபோல. அங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூட்ட நேரத்தில் பாக்கெட் வைக்காத காலி இருக்கையைக் காட்டி "இங்கே உட்காரலாமா?" என்று கேட்பது அங்கே சாதாரணம், பகிர்ந்த மேசையில் பேசாமல் சாப்பிட்டு எழுவதும் சாதாரணம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நம்மவர்கள் இந்த இரண்டாவதைப் பழகிக்கொள்ளலாம்.

கல்லாவில்

நல்லபடியாக நடந்த மேசை கெடுவது பில்லில். எட்டுப் பேருக்கும் ஒரே பில் வந்தால் ஒருவர் பர்ஸை எடுப்பார், இன்னொருவர் அவர் கையைப் பிடிப்பார், ஐந்து நிமிட மல்யுத்தம். கொடுத்தவருக்கு மற்றவர்கள் கடன்பட்டதுபோல ஆகிவிடும், அடுத்த தடவை வரத் தயங்குவார்கள். மாணவரும் மேலாளரும் ஒரே மேசையில் இருந்தால் இது இன்னும் மோசம். நுழையும்போதே டோக்கன் வாங்கும் மெஸ் என்றால் பிரச்சினையே இல்லை: அவரவர் டோக்கன், அவரவர் காசு. பில் முறை என்றால் தனித்தனி பில் என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். பங்கு போட்ட ஐந்து தட்டை மட்டும் கூட்டியவர் பெயரில் ஒரே பில்லாகப் போட்டு எட்டால் வகுத்து வாங்கிக்கொள்ளலாம். எட்டுப் பேர் தனித்தனியாக கியூஆர் கோடை ஸ்கேன் செய்துகொண்டு நின்றால் கல்லாவில் வரிசை தேங்கும், அதற்குச் சில்லறை கொண்டுவாருங்கள் என்று அழைப்பிலேயே ஒரு வரி போடலாம். பரிமாறியவருக்கு ஆளுக்குப் பத்து இருபது ரூபாய் சேர்த்து ஒருவர் கையில் கொடுங்கள். அடுத்த மாதம் மேசை சேர்த்துப் போடப்போவது அவர்தான்.

இலையை மடிப்பதில் எல்லோரும் முடிக்கும்வரை பொறுப்பது பந்தி மரியாதை. மெஸ்ஸில் யாரும் அதைப் பார்ப்பதில்லை, ஆனால் எட்டுப் பேர் மேசையில் வேகமாகச் சாப்பிட்ட ஒருவர் இலையை மடித்தால் மற்ற ஏழு பேரும் மோரை அவசரமாக அள்ளுவார்கள். கூட்டியவர் கடைசியாக மடித்தால் போதும்.

வாட்ஸ்அப் குழுவை முதல் நாளே தொடங்காதீர்கள். இரண்டாவது நாளில் காலை வணக்கப் படங்களும் மூன்றாவது நாளில் அரசியலும் வந்துவிடும், நேரில் பேச இருந்ததெல்லாம் அங்கே சண்டையாகித் தீர்ந்துவிடும். கைகழுவிவிட்டு வாசலில் பீடா மெல்லும்போது அடுத்த தேதியை வாயால் சொல்லிவிடுங்கள். வருகிறேன் என்று சொன்னவர்களை மட்டும் எண்ணி, போகிற போக்கில் கல்லாக்காரரிடம் "அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை, ஆறு பேர்" என்று சொல்லிவைத்தால் ஆயிற்று.